நீர்த்தேக்கப் படகிற்கு எந்தச் சுக்கான்?

பாலக்காட்டுக் கணவாயிலிருந்து குமுளி வரையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் இடுக்குகளில் மனிதன் அமைத்த நீர்ப்பரப்புகள் பல உள்ளன. பெரியாற்றைத் தடுத்து முல்லைப் பெரியாறு அணை 1895ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. மலம்புழா அணை 1955இலும், இடுக்கி வளைவணை 1976இலும் பயனுக்கு வந்தன. பரம்பிக்குளமும் மாட்டுப்பட்டியும் இவ்வரிசையில் சேர்ந்தவையே. பாசனத்திற்கும் மின்சாரத்திற்கும் என்று தேக்கிய இந்நீரில் இன்று விசைப்படகுகளும் ஓடுகின்றன. வனக் காவலர் ரோந்து செல்கின்றனர். மீன்வளப் பணியாளர் வலையும் குஞ்சும் ஏற்றிச் செல்கின்றனர். அணைப் பொறியாளர் கரையைப் பார்வையிடுகின்றனர். விடுமுறை நாள்களில் பள்ளிக் குழந்தைகள் வரிசை வரிசையாய் ஏறி அமர்கின்றனர்.

இப்படகுகளை வாங்கும்போது எதைப் பார்க்கின்றோம்? இயந்திரத்தின் குதிரைத்திறனைப் பார்க்கின்றோம், இருக்கைகளின் எண்ணிக்கையைப் பார்க்கின்றோம், விலையைப் பார்க்கின்றோம். படகைத் திருப்பும் கருவியைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கடைசியில் வருகிறது. சில வேளைகளில் வருவதேயில்லை. விற்பவர் எதைப் பொருத்தித் தருகிறாரோ அதுவே சுக்கான் என்று ஏற்றுக்கொள்கின்றோம். இம்முறை தவறானது என்பதே இக்கட்டுரையின் கருத்து. ஒரு படகின் சுக்கானை, அது இலகுவாகச் சுழலும் சோதனை ஓட்ட நாளை எண்ணித் தேர்ந்தெடுத்தல் போதாது. அது பழுதுறும் நாளையும், பயணிகள் ஒருபுறமாய் எழுந்து ஓடும் நாளையும் எண்ணித் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தேக்கடி தரும் பாடம்

2009ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் மாலை, தேக்கடி ஏரியில் கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்தது. 45 பேர் உயிரிழந்தனர். அவர்களில் வெளி மாநிலங்களிலிருந்து காடு காண வந்தவர் பலர். கரையில் தென்பட்ட வனவிலங்குகளைக் காண்பதற்காகப் பயணிகள் ஒருபுறமாய்த் திரண்டனர் என்றும், படகில் அளவுக்கு மேல் ஆட்கள் இருந்தனர் என்றும் அக்காலத்துச் செய்திகள் கூறின. உயிர்காப்புச் சட்டை அணியாமலே பலர் பயணம் செய்தனர்.

இவ்விபத்தைச் சுக்கானின் குற்றம் என்று கூறுதல் நேர்மையாகாது. படகின் நிலைப்பாடு, ஏற்றப்பட்ட சுமை, பயணிகளின் நடமாட்டம் ஆகியவையே அங்கு முதன்மையானவை. எனினும், சுக்கானுக்கும் நிலைப்பாட்டிற்கும் தொடர்பில்லை என்று எண்ணுதலும் பிழையே. ஏனெனில், சுக்கானைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் படகைச் சாய்க்கும் ஒரு விசையும் உடன் பிறக்கின்றது. இதனை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம்.

திருப்பமும் சாய்வும்

பேருந்து இடப்புறம் திரும்பும்போது நிற்பவர் வலப்புறம் தள்ளப்படுவதை யாவரும் அறிவர். படகிலும் அவ்வாறே நிகழ்கின்றது. மெதுவாகச் செல்லும் பயணிகள் படகு இடப்புறம் திரும்பினால், தொடக்கத்தில் கணநேரம் உட்புறமாய் அசைந்து, பின்னர் வெளிப்புறமாகிய வலப்பக்கம் சாயும். நீர்மட்டத்தின்மீது வழுக்கிப் பாயும் சிறிய வேகப்படகுகள் மட்டும் மிதிவண்டி போல உட்புறமாகச் சாய்வன. இரண்டடுக்குப் படகு முதல் வகையைச் சேர்ந்தது. அதன் சுமை உயரத்தில் இருப்பதால் வெளிச்சாய்வும் மிகும்.

12 டன் எடையுள்ள ஒரு படகு விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு ஏறத்தாழ 14 கி.மீ. வேகத்தில், 20 மீட்டர் ஆரமுள்ள வளைவில் திரும்புவதாகக் கொள்வோம். வேகத்தின் இருமடியை ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும் முடுக்கம் 0.8 ஆகும், இது புவியீர்ப்பு முடுக்கத்தில் சுமார் பன்னிரண்டில் ஒரு பங்கு. படகின் எடை மையம், நீருக்கடியில் எதிர்ப்பு விசை தாக்கும் இடத்திற்கு 1 மீட்டர் மேலே இருப்பின், சாய்க்கும் திருப்புத்திறன் ஏறத்தாழ 1,000 கிலோகிராம்-மீட்டர் ஆகும். அதே வேளையில், சராசரி 60 கிலோகிராம் எடையுள்ள 30 பயணிகள் எழுந்து 1 மீட்டர் வெளிப்புறமாய் நகர்ந்தால் 1,800 கிலோகிராம்-மீட்டர் சேர்கின்றது. இரண்டும் ஒரே திசையில் கூடினால் 2,800 ஆகும்.

இக்கணக்கிலிருந்து மூன்று உண்மைகள் பெறப்படும். முதலாவது, பயணிகளின் நகர்வு திருப்பத்தைவிட வலியது; ஆகவே எவ்வளவு சிறந்த சுக்கானும் கட்டுப்பாடற்ற கூட்டத்தை ஈடுசெய்யாது. இரண்டாவது, வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் திருப்பத்தின் பங்கு பாதியாக அன்று, நாலில் ஒன்றாகக் குறையும். 1,000 என்பது 250 ஆகிவிடும். மூன்றாவது, களத்தில் நிற்போர் குறித்துக்கொள்ள வேண்டியது இது: கரையில் யானை நிற்கிறது என்று பயணிகள் வலப்புறம் கூடியிருக்கையில், கரையை விட்டு விலகுவதற்காகச் சுக்கானி படகை இடப்புறம் திருப்பினால், இரண்டு விசைகளும் ஒரே பக்கத்தில் கூடும். விலங்கைக் காட்டிவிட்டு விலகிச் செல்லும் அந்தச் சாதாரணத் திருப்பமே ஆபத்து மிகுந்த திருப்பமாகின்றது.

அத்தகைய வேளையில் பதற்றத்தால் சுக்கானைச் சட்டென்று நேராக்குவதும் தீங்கே. வெளிச்சாய்வை ஓரளவு தடுத்துக் கொண்டிருப்பது சுக்கான் தகட்டின் மீது விழும் நீரின் அழுத்தம். அதனைத் திடீரென நீக்கினால் சாய்வு ஒரு கணம் மிகும். முதலில் வேகத்தைத் தணித்து, பின்னர் சுக்கானை மெல்ல நேராக்குவதே முறை. அதற்காக இயந்திரத்தை அறவே நிறுத்திவிடவும் கூடாது. நீரோட்டம் தன்மீது பாய்ந்தால்தான் சுக்கான் வேலை செய்யும்; நிறுத்திய படகில் சுக்கான் வெறும் பலகையே.

ஓட்டுமேடையில் மூன்று தேவைகள்

மேற்கூறியவற்றைச் செய்ய ஒரு சுக்கானிக்கு மூன்று வசதிகள் வேண்டும். பயணிகள் எங்கே நிற்கின்றனர் என்பதை அவர் தம் இடத்திலிருந்தே காண வேண்டும். அவர்களை நோக்கி உடனே பேச வேண்டும். வேகத்தைத் தம் கையாலேயே தணிக்க வேண்டும். பார்வை, பேச்சு, வேகம் என்ற இம்மூன்றும் சக்கரத்தோடு சேர்ந்ததே முழுமையான ஓட்டுமேடை. இவற்றுள் ஒன்று குறைந்தாலும், விலையுயர்ந்த சுக்கான் பொருத்தியிருப்பதால் பயனில்லை.

குட்டநாட்டுக் காயல்களில் ஓடிய பழைய பயணிகள் படகுகளில் வேறொரு முறை இருந்தது. முன்னே நிற்கும் ஸ்ராங்கு சக்கரத்தைப் பிடிப்பார்; இயந்திரத்தின் அருகே அமர்ந்த ஓட்டுநர் வேகத்தையும் கியரையும் கவனிப்பார். ஸ்ராங்கு கயிற்றை இழுத்து மணி ஒலிப்பித்துக் கட்டளையிடுவார். பழகிய இருவர் சேர்ந்து பணிபுரியும்போது இம்முறை அழகாகவே நடந்தது. ஆயினும், மணி ஒலித்து, அதனை மற்றவர் கேட்டு, பொருள் உணர்ந்து, கைப்பிடியை அசைப்பதற்குள் சில விநாடிகள் கழிந்துவிடும். விநாடிக்கு 4 மீட்டர் செல்லும் படகு ஐந்து விநாடியில் 20 மீட்டர் சென்றிருக்கும்; மேலே கண்ட வளைவின் ஆரமும் அதுவே. அகன்ற காயலில் இத்தாமதத்தைப் பொறுக்கலாம். மலையிடுக்கில் வளைந்து கிடக்கும் நீர்த்தேக்கத்தில் பொறுக்க இயலாது.

ஆதலின், நீர்த்தேக்கப் பயணிகள் படகுகளில் கியரையும் வேகத்தையும் ஒரே கைப்பிடியால் இயக்கும் ஒற்றைக் கைப்பிடி முறையே ஏற்றது. கைப்பிடி நடுவில் நின்றால் இயந்திரம் விசிறியைச் சுழற்றாது; முன்னே தள்ளினால் முன்னோட்டம், பின்னே இழுத்தால் பின்னோட்டம்; மேலும் தள்ளத் தள்ள வேகம் கூடும். நடுநிலையில் உறுதியான பிடிப்பு இருத்தல் வேண்டும். தவறிக் கைபட்டால் கியர் விழக் கூடாது. சுக்கானியின் வலக்கை இயல்பாக விழும் இடத்தில் அது இருப்பது நலம். இரண்டடுக்குப் படகாயின், மேல்தளத்தைக் காட்டும் பெரிய ஆடியும் ஓர் ஒலிபெருக்கியும் ஓட்டுமேடையின் உறுப்புகளாகவே கருதப்பட வேண்டும், அலங்காரங்களாக அல்ல.

சுக்கான் வகைகள்

இனிச் சுக்கானை இயக்கும் முறைகளை ஒவ்வொன்றாக ஆராய்வோம். ஒவ்வொன்றையும் இரண்டு கேள்விகளால் அளக்கலாம். அது எவ்வாறு இயங்குகிறது? எவ்வாறு பழுதுறுகிறது?

முதலாவது, கைத்தண்டு. சுக்கானின் அச்சிலோ, அவுட்போர்டு என வழங்கும் வெளிப்பொருத்து இயந்திரத்திலோ நேரடியாகப் பொருத்திய தண்டைக் கையால் அசைப்பதே இம்முறை. இதில் இடையே பழுதுறும் உறுப்பு எதுவும் இல்லை. நீரின் தள்ளுதலைக் கை உடனே உணரும். நான்கைந்து பேர் செல்லும் ரோந்துப் படகிற்கும் மீன்வளப் படகிற்கும் இதைவிட நம்பத்தக்கது வேறில்லை. ஆனால் ஓட்டுபவர் படகின் பின்கோடியில் அமர வேண்டியிருப்பதால், முன்னே நிற்கும் ஆட்களும் சுமையும் பார்வையை மறைக்கும். இயந்திரத்தின் வலிமை கூடக்கூடக் கையின் களைப்பும் கூடும்.

இரண்டாவது, சக்கரத்திலிருந்து கப்பிகளின் வழியே எஃகு வடமோ சங்கிலியோ சென்று சுக்கானை இழுக்கும் பழைய முறை. இதன் சிறப்பு, எல்லாம் கண்ணுக்குத் தெரிவதாகும். எந்த ஊர்ப் பட்டறையிலும் சீர்செய்யலாம். வடத்தின் இழை அறுபடுதல், வடம் தளர்ந்து கப்பியை விட்டு நழுவுதல், பயணிகளின் மூட்டை வடத்தில் சிக்குதல் ஆகியவை இதன் குறைகள். இழைகள் ஒன்றிரண்டு அறுந்து முள்ளாய் நீட்டும்போதே மாற்றிவிட்டால் பெரும் கேடு நேராது.

மூன்றாவது, உறைக்குள் ஓடும் கேபிள். சக்கரத்தின் பின்னுள்ள பற்சக்கரம், உறையினுள் இருக்கும் தடித்த கம்பியைத் தள்ளியும் இழுத்தும் சுக்கானை அசைக்கும். விலை குறைவு, பொருத்துவது எளிது. நடுத்தர வலிமையுள்ள வெளிப்பொருத்து இயந்திரங்களில் பெரும்பாலும் இதனையே காண்கின்றோம். இதன் பகை உறைக்குள் புகும் நீர். மழைக்காலத்தில் சில வாரங்கள் படகு ஓடாது நின்றால் உள்ளே துரு பிடித்து, சக்கரம் இறுகும். துருவைக் கண்ணால் காண முடியாதது இம்முறையின் பெருங்குறை. கேபிளைக் கூர்மையாக வளைத்துப் பொருத்துவதும் இறுக்கத்தை வளர்க்கும். வளைவுகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நன்று. சக்கரம் இறுகத் தொடங்கினால் எண்ணெய் விட்டு நாள் கடத்தாமல் கேபிளை மாற்றுவதே அறிவுடைமை.

நான்காவது, ஹைட்ராலிக் எனப்படும் எண்ணெய் அழுத்த முறை. சக்கரத்தோடு இணைந்த சிறு பம்பு எண்ணெயைக் குழாய் வழியே தள்ள, பின்னேயுள்ள உருளையின் தண்டு நகர்ந்து சுக்கானைத் திருப்பும். பெரிய இயந்திரங்களையும் ஒரு கையால் ஆளலாம். நீர் எவ்வளவு தள்ளினாலும் சக்கரம் கையை உதறாது. எத்தனை சுற்றில் சுக்கான் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குச் செல்லும் என்பதை எளிதில் கணக்கிடலாம். உருளையின் கொள்ளளவு 140 கன சென்டிமீட்டர், பம்பு ஒரு சுற்றில் தள்ளுவது 28 கன சென்டிமீட்டர் எனின், ஐந்து சுற்றுகள் தேவை. பெரிய பம்பு வைத்தால் சுற்று குறையும். கையின் உழைப்பு கூடும்.

இங்கே ஒரு கருத்தை வலியுறுத்த விரும்புகிறேன். குறைந்த சுற்றே சிறந்தது என்று விற்பனையாளர் கூறுவர். சிறிய வேகப்படகிற்கு அது பொருந்தலாம். எழுபது பேரை ஏற்றிய உயரமான படகிற்குப் பொருந்தாது. அங்கே சுக்கான் சற்று மெதுவாகத் திரும்புவதே காப்பு. பதற்றத்தில் ஒரு கை வீச்சில் முழுச் சுக்கானையும் போட்டுவிட இயலாத அமைப்பே விரும்பத்தக்கது. சுக்கான் தகடு நடுவிலிருந்து ஏறத்தாழ 35 பாகைக்கு மேல் திரும்பாதவாறு தடைக்கட்டை வைப்பதும் இதே நோக்கமுடையது. அதற்கு மேல் திரும்பிய தகடு படகைத் திருப்புவதைவிட, நீரைத் தடுத்து நிறுத்துவதையே மிகுதியாகச் செய்யும்.

எண்ணெய் அழுத்த முறைக்கும் பழுதுண்டு. இணைப்பில் கசிவு ஏற்படினும், குழாய் உராய்ந்து தேயினும், எண்ணெயில் காற்று புகினும் சக்கரம் சுழலும், சுக்கான் அசையாது. கேபிள் இறுகினால் கை முன்னரே அறிந்துவிடும். எண்ணெய் வடிந்தால் தேவைப்படும் கணத்தில்தான் தெரியவரும். அன்றியும், பம்பினுள் நேரும் சிறு கசிவினால் சக்கரத்தின் நிலையும் சுக்கானின் நிலையும் நாளடைவில் ஒத்திரா. ஆதலின் சுக்கான் எப்பாகையில் உள்ளது என்று காட்டும் முள் ஒன்று ஓட்டுமேடையில் இன்றியமையாதது. மாட்டுப்பட்டியின் குளிரில் எண்ணெய் தடிக்கும். மலம்புழாவின் கோடையில் இளகும். உற்பத்தியாளர் குறிப்பிட்ட எண்ணெயையே ஊற்ற வேண்டும். கையில் கிடைத்ததை ஊற்றக் கூடாது.

ஐந்தாவது, மின்கட்டளை முறை. சக்கரத்திற்கும் சுக்கானுக்கும் இடையே கம்பியில் ஓடும் மின்குறிகள் மட்டுமே உண்டு. இலகுவும் நுட்பமும் மிக்கது. எனினும், பழுதுபார்க்கும் வல்லுநர் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் பரம்பிக்குளம் போன்ற இடத்தில், பாலக்காடு மாவட்டத்தில் இருந்தும் பொள்ளாச்சி வழியே காட்டுப் பாதையில் சென்றடைய வேண்டிய இடத்தில், இதனை இப்போது பரிந்துரைக்க மாட்டேன். கருவியின் தரம் வேறு. அதனைப் பேணும் வசதி வேறு. இரண்டாவது இல்லாத இடத்தில் முதலாவது நிலைக்காது.

பழுதுறும் நாள்

1978ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள், 'அமோகோ காடிஸ்' என்ற மாபெரும் எண்ணெய்க் கப்பல் பிரான்சு நாட்டின் பிரித்தானிக் கரையை அடுத்துச் செல்கையில், அதன் சுக்கானை இயக்கும் எண்ணெய் அழுத்த அமைப்புப் பழுதாயிற்று. இயந்திரம் நலமாயிருந்தது, கப்பல் உடலும் நலமாயிருந்தது. திருப்பும் வழி ஒன்று மட்டுமே இல்லை. அன்றிரவே கப்பல் பாறையில் மோதி, இரண்டு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட எண்ணெய் கடலில் கலந்தது. அதன் பின்னர்ப் பெருங்கப்பல்களின் சுக்கான் பற்றிய பன்னாட்டு விதிகள் கடுமையாக்கப்பட்டன. முதன்மை அமைப்பு ஒருபுறம் 35 பாகையிலிருந்து மறுபுறம் 30 பாகைக்கு 28 விநாடிக்குள் சுக்கானைத் திருப்ப வேண்டும் என்று விதிக்கும் அதே விதிநூல், அது பழுதுற்றால் துணையமைப்பு என்ன செய்ய வேண்டும் என்பதையும் வரையறுக்கின்றது.

பெருங்கப்பலின் விதி சிறு படகிற்கு அப்படியே பொருந்தாது. அதன் தத்துவம் பொருந்தும். இக்கட்டுரையாளர் சில ஆண்டுகளுக்கு முன்னர், எல்லைப்புற நீர்த்தேக்கம் ஒன்றில் பணிப்படகு ஒன்றில் சென்றதுண்டு. நீர்மட்டம் தாழ்ந்திருந்த காலம். மூழ்கிய மரங்களின் அடிக்கட்டைகள் நீருக்குமேல் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தன. திரும்ப வேண்டிய இடத்தில் சக்கரம் இறுகிவிட்டது, கேபிள் துருப்பிடித்திருந்தது. சுக்கானி ஒரு சொல்லும் பேசாமல் வேகத்தைத் தணித்தார். பலகையின் கீழ் வைத்திருந்த நீண்ட துடுப்பை எடுத்து, பின்கோடியில் கயிற்றால் கட்டி, அதனையே சுக்கானாகக் கொண்டு எங்களைக் கரை சேர்த்தார். அத்துடுப்பு அலுவலகம் கொடுத்ததன்று. அவர் சொந்தமாகச் செய்துகொண்டது. ஒரு தனி மனிதரின் முன்னறிவால் நாங்கள் பிழைத்தோம். அம்முன்னறிவு கொள்முதல் பட்டியலில் எழுதப்பட்டிருக்க வேண்டியது என்ற எண்ணம் அன்று தொடங்கி என்னை விடவில்லை.

பெரியாற்று ஏரியில் இத்தேவை இன்னும் மிகுதி. நூற்றாண்டுக்கு முன் மூழ்கிய மரங்களின் கட்டைகள் அங்கு இன்றும் நிற்கின்றன. நீர்மட்டம் 142 அடி வரை உயர 2014இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. கோடையில் அது பல அடி தாழும். நேற்று இரண்டு முழம் ஆழத்தில் இருந்த கட்டை இன்று விசிறியைத் தொடும் ஆழத்தில் இருக்கலாம். இத்தகைய நீரில் சுக்கான் அடிபடுவது எதிர்பாராத நிகழ்ச்சியன்று. எதிர்பார்த்தே தீர வேண்டிய நிகழ்ச்சி.

ஆகவே, ஒவ்வொரு படகிலும் சக்கரத்தைச் சாராது சுக்கானின் அச்சில் நேரே மாட்டக்கூடிய அவசரக் கைத்தண்டு ஒன்று இருக்க வேண்டும். வெளிப்பொருத்து இயந்திரமாயின் வலிய துடுப்பாவது வேண்டும். புதிதாக வாங்கும் பெரிய படகுகளில் இரண்டு விசிறிகள் இருப்பின் மேலும் நலம். ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னும் இயக்கியே படகைத் திருப்பலாம். 2017ஆம் ஆண்டு சனவரியில் வைக்கம்-தவணக்கடவு நீர்வழியில் ஓடத் தொடங்கிய 'ஆதித்யா' என்ற சூரியசக்திப் படகு, 75 பேர் செல்லும் இரட்டை உடல் படகாகும். இரு உடலிலும் தனித்தனி மின்மோட்டார்கள் உள்ளன. அகன்ற இரட்டை உடலால் நிலைப்பாடு மிகுகின்றது. இரு விசிறிகளால் திருப்பும் வழி இரண்டாகின்றது. காட்டின் அமைதியும் கெடுவதில்லை. நம் நீர்த்தேக்கங்களுக்கு ஏற்ற முன்மாதிரி அண்டை மாவட்டத்திலேயே இருக்கின்றது என்று கூறலாம்.

வேகப்படகுகளுக்கு இன்னொரு காப்பும் வேண்டும். சுக்கானி நீரில் விழுந்தாலோ, சக்கரத்திலிருந்து கை நழுவினாலோ, வெளிப்பொருத்து இயந்திரம் ஒருபுறம் முறுகிப் படகு வட்டமிடத் தொடங்கும். விழுந்தவர்மீதே அது திரும்பி வரலாம். சுக்கானியின் உடலோடு கட்டிய சிறு கயிறு இழுபட்டால் இயந்திரத்தை நிறுத்திவிடும் கருவி இதனைத் தடுக்கும். அமெரிக்க நாட்டில் 26 அடிக்குக் குறைந்த விசைப்படகுகளில் இதனைப் பயன்படுத்துவது 2021 ஏப்ரல் முதல் சட்டக் கடமையாயிற்று. இங்கு இக்கயிறு பல படகுகளில் பொருத்தப்பட்டும், ஓட்டுபவர் அதனைக் கட்டிக்கொள்ளாமல் தொங்கவிட்டுச் செல்வதைக் காண்கின்றோம்.

மறுப்பும் விடையும்

"விபத்துகள் அளவுக்கு மீறிய ஆட்களால் நேர்கின்றன, சுக்கானுக்கு ஏன் இத்தனை ஆராய்ச்சி?" என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. 2007 பிப்ரவரி 20ஆம் நாள், இடுக்கி எல்லையை அடுத்த தட்டேக்காட்டில் பள்ளிச் சுற்றுலா சென்ற படகு மூழ்கி 15 மாணவரும் 3 ஆசிரியரும் மாண்டனர். அங்கும் சுக்கான் காரணமன்று. ஆட்களை எண்ணி ஏற்றுதலே முதற்கடமை என்பதில் ஐயமில்லை. ஆனால், எண்ணி ஏற்றிய பின்னும் பயணிகள் எழுவர்; கட்டைகள் எதிர்ப்படும்; காற்று வீசும். அப்போது அனைத்துத் தவறுகளும் வந்து சேருமிடம் ஒரு மனிதரின் இரண்டு கைகளே. அக்கைகளுக்கு நாம் எதைக் கொடுத்திருக்கின்றோம் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

செலவு பற்றியும் கூறுவர். அவசரக் கைத்தண்டு ஓர் இரும்புக் குழாய். ஆடி ஒரு கண்ணாடி. துடுப்பு ஒரு மரத்துண்டு. பெருஞ்செலவு பிடிப்பது பகட்டான சக்கரமே. 1917ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக வந்த 2021ஆம் ஆண்டு உள்நாட்டு நீர்க்கலங்கள் சட்டம் பதிவையும் ஆய்வையும் பணியாளர் தகுதியையும் வற்புறுத்துகின்றது. ஆய்வாளர் ஆண்டுக்கு ஒரு முறை வருவார். ஏனைய நாள்களில் ஆய்வாளர் நாமே.

ஆசிரியரும் களப்பணியாளரும் செய்யத்தக்கவை

களப்பணியாளர் மாதம் ஒருமுறை சக்கரத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை சுழற்றி, சுற்றுகளை எண்ணி ஏட்டில் குறிக்கலாம். எண்ணிக்கை மாறினால் காற்றோ கசிவோ தளர்வோ உண்டென்பது பொருள். ஐந்து நிமிடமாவது அவசரக் கைத்தண்டால் படகை ஓட்டிப் பழக வேண்டும். பயன்படுத்திப் பாராத காப்புக் கருவி, இல்லாத கருவிக்கே ஒப்பாகும்.

சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர், குழந்தைகளை ஏற்றுமுன் சுக்கானியிடம் பணிவுடன் மூன்று வேண்டுகோள்கள் விடுக்கலாம். "ஐயா, சக்கரத்தை இருபுறமும் ஒருமுறை திருப்பிக் காட்டுங்கள், பின்னே சுக்கான் உடனே அசைகிறதா என்று பார்க்கிறேன். சக்கரம் பழுதானால் எதைக் கொண்டு திருப்புவீர்கள் என்று காட்டுங்கள். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து எங்கள் குழந்தைகள் எல்லோரும் தெரிகின்றார்களா என்று சொல்லுங்கள்." நல்ல சுக்கானி இக்கேள்விகளால் மகிழ்வாரேயன்றிச் சினவார். விடை மனநிறைவு தராவிடின், கரையில் நின்றே ஏரியைக் காட்டித் திரும்புவதில் இழுக்கில்லை. உயிர்காப்புச் சட்டையைக் குழந்தைகள் அணிந்த பின்னரே படகில் கால் வைக்க வேண்டும் என்பதைத் தனியே கூற வேண்டியதில்லை.

வகுப்பறையில் இதனை ஒரு சிறு சோதனையாலும் விளக்கலாம். அகன்ற பாத்திரத்து நீரில் ஒரு தகரப் பெட்டியின் மூடியை மிதக்கவிட்டு, நடுவில் பத்து நாணயங்களைப் பரப்புக. மூடி அசையாது நிற்கும். அதே நாணயங்களை இரண்டு தீப்பெட்டிகளை அடுக்கி அவற்றின்மேல் வைத்து, மூடியை மெல்லத் தட்டுக. ஆட்டம் மிகுவதை மாணவர் காண்பர். பின்னர் நாணயங்களை ஒவ்வொன்றாக ஒரு விளிம்பிற்கு நகர்த்துமாறு ஒரு மாணவனிடம் கூறுக. எத்தனையாவது நாணயத்தில் நீர் உட்புகுகின்றது என்பதை வகுப்பு முழுவதும் எண்ணட்டும். அந்த எண்ணிக்கையை மறவாத குழந்தை, பின்னொரு நாள் ஏரியின் நடுவில் "அதோ யானை!" என்ற குரல் எழும்போது தன் இருக்கையிலேயே அமர்ந்திருக்கும், அருகிலிருப்பவரையும் அமரச் சொல்லும். அது சுக்கானியின் பணியில் பாதியைக் குறைத்துவிடும். மீதிப் பாதிக்கு ஏற்ற கருவியை அவர் கையில் கொடுப்பது நம் கடமை.